பிள்ளை தன் வேலையைத் தானே செய்யட்டும்
ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு வீட்டிலேயே தரக்கூடிய செயல்பயிற்சி



குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பால் குடித்தது, தவழ்ந்தது, நடந்தது. நர்சம்மா சொன்ன தேதியில் தடுப்பூசிகளையும் போட்டாயிற்று. ஆனால் இரண்டு வயது முடிந்தும் "அம்மா" என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. காது கேட்கவில்லையோ என்று பார்த்தால், பக்கத்து வீட்டு டி.வி.யில் பிடித்த பாட்டு வந்ததும் ஓடுகிறது. தலையில் தண்ணீர் ஊற்றினால் ஊரே கூடும்படி அலறுகிறது. வெள்ளைச் சோறு தவிர வேறெதையும் தொடுவதில்லை. தனியாக உட்கார்ந்து செருப்பையோ சைக்கிள் சக்கரத்தையோ மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான், இவனும் பேசுவான் விடு" என்கிறார் மாமியார். "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்கிறார் கணவர். "எங்க வம்சத்துல இப்படி யாரும் இல்லைங்க" என்று மனைவி அழுகிறார். கோயில், மந்திரிப்பு, தாயத்து என்று ஒரு வருஷம் ஓடிவிடுகிறது. அந்த ஒரு வருஷம், குழந்தையின் மூளை மிக வேகமாகக் கற்றுக்கொள்ளும் காலம். அதை வீணாக்காமல் இருக்கத்தான் இந்தப் பிரசுரம்.

ஆட்டிசம் என்பது என்ன?

ஆட்டிசம் தொற்று நோயல்ல, பைத்தியமும் அல்ல. மூளையின் வளர்ச்சியில் ஏற்படும் ஒரு வேறுபாடு. அரசு ஆவணங்களில் இதைப் "புற உலகச் சிந்தனையற்ற நிலை" என்று எழுதியிருப்பார்கள். பெயரைப் பார்த்து, குழந்தைக்குச் சிந்தனையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். சிந்தனை உண்டு, ஆசை உண்டு, பாசமும் உண்டு. அதை வெளிக்காட்டும் விதமும், உலகத்தைக் கண்ணாலும் காதாலும் தோலாலும் உணரும் விதமும்தான் வேறு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் ஏறக்குறைய 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. உங்கள் ஊரில் ஆயிரம் பேர் இருந்தால் ஏழெட்டுப் பேருக்கு இருக்கலாம். ஆண் பிள்ளைகளிடம் அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது. பெண் பிள்ளை பேசாமல் ஒதுங்கி இருந்தால், "அடக்கமான பொண்ணு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அவளையும் காட்ட வேண்டும்.

யார் மேல் குற்றம்?

யார் மேலும் இல்லை. இதை வீட்டில் எல்லாரும் கேட்கும்படி உரக்கப் படியுங்கள்.

லியோ கேனர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 1943-ல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் ஆட்டிசம் என்ற நிலை மருத்துவ உலகில் நன்கு தெரியவந்தது. அதன்பின் பல ஆண்டுகள், தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்ற தவறான கருத்து பரவியது. எத்தனையோ தாய்மார்கள் செய்யாத குற்றத்தைச் சுமந்தார்கள். ஆட்டிசம் உள்ள ஒரு மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-ல் ஒரு புத்தகம் எழுதி அந்தக் கருத்தை எதிர்த்தார். தாயின் வளர்ப்பு காரணம் அல்ல என்பது இன்று முடிவான விஷயம்.

தடுப்பூசியும் காரணமல்ல. தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்பதுபோல் 1998-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரையை, அந்த இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. கிரகணமும் செய்வினையும் காரணமல்ல. மரபணுக்களின் பங்கு பெரிது. அது அப்பா வழியிலும் வரலாம், அம்மா வழியிலும் வரலாம், புதிதாகவும் தோன்றலாம். ஆகவே "உன் வம்சமா, என் வம்சமா" என்ற வழக்கை இன்றோடு முடித்துவிடுங்கள். அந்த வழக்கில் ஜெயிப்பவர் யாரும் இல்லை, தோற்பது குழந்தை மட்டும்தான்.

எப்போது காட்ட வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

1. ஒரு வயது முடிந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை.
2. ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை. நிலாவையோ காக்கையையோ காட்டினால் பார்ப்பதில்லை.
3. ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் இல்லை. இரண்டு வயதில் "அம்மா தா", "பால் வேணும்" என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை.
4. பேசிக்கொண்டிருந்த சொற்கள், செய்துகொண்டிருந்த செயல்கள் எந்த வயதிலாவது நின்றுபோயின.

முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். பிறகு குழந்தை மருத்துவர் மற்றவற்றைப் பார்ப்பார். ஆட்டிசம்தான் என்று முடிவாகும்வரை பயிற்சிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. வளர்ச்சியில் தாமதம் தெரிந்த அன்றே பயிற்சியைத் தொடங்கலாம்.

ஆக்குபேஷனல் தெரபி என்றால் என்ன?

ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சியும் வேண்டும், படிப்பும் வேண்டும். அவற்றோடு சேர்ந்து நடக்க வேண்டிய ஒன்று ஆக்குபேஷனல் தெரபி. சில இடங்களில் இதைத் தொழிற்சிகிச்சை என்று எழுதுகிறார்கள். தொழில் என்றதும் தறியும் தச்சு வேலையும் நினைவுக்கு வரும். இங்கே தொழில் என்பது ஒரு மனிதர் தினமும் செய்யும் காரியங்கள். குழந்தையின் தொழில் எது? சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, மலஜலம் போவது, விளையாடுவது, தூங்குவது, பள்ளிக்கூடத்தில் உட்காருவது. இவற்றைக் குழந்தை தானே செய்யப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சி. இந்தத் துண்டுப் பிரசுரத்தில் இதைச் செயல்பயிற்சி என்றே சொல்லுவோம்.

இது புதிதாக வந்த ஒன்றல்ல. நம் நாட்டில் 1950-லேயே மும்பையில் கமலா நிம்ப்கர் என்ற அம்மையாரின் முயற்சியால் இதற்கென ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் ஜீன் ஏயர்ஸ் என்ற பயிற்சியாளர், புலன் உணர்ச்சிகளுக்கும் குழந்தையின் கற்றலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1972-ல் புத்தகம் எழுதினார். இன்று குழந்தைகளுக்குத் தரும் பயிற்சிகள் பல அவர் வழியில் வந்தவை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். செயல்பயிற்சி ஆட்டிசத்தைப் போக்கிவிடாது. பிள்ளையின் அன்றாட வாழ்வை எளிதாக்கும். பத்து வயதில் ஒரு பிள்ளைக்குத் தாய் ஊட்டிவிட வேண்டியிருக்கிறதா, அல்லது அவனே தட்டெடுத்து வைத்துச் சாப்பிடுகிறானா? ஒரு பெண் வயதுக்கு வந்தபின் துணி மாற்றிக்கொள்ள அவளுக்குத் தெரியுமா? நாளைக்கு நாம் இல்லாத காலத்தில் பிள்ளை எப்படி வாழும் என்பது இந்தச் சின்னச் சின்ன காரியங்களில்தான் இருக்கிறது.

புலன்கள் ஐந்து மட்டுமா?

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்து புலன்களை நாம் அறிவோம். பயிற்சியாளர்கள் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்வார்கள். ஒன்று, உடம்பு சாயாமல் நிலைநிற்கும் உணர்வு. இது உள்காதில் இருக்கிறது. மற்றொன்று, கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பலம் கொடுக்கிறோம் என்று தசைகளும் மூட்டுகளும் சொல்லும் உணர்வு. இருட்டில்கூடச் சோற்றைச் சரியாக வாய்க்குக் கொண்டுபோகிறோமே, அது இந்த உணர்வினால்தான்.

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இந்த உணர்வுகளில் சில அதிகமாகவும் சில குறைவாகவும் இருக்கும். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கிறதல்லவா? ஒரு குழந்தைக்குக் காதின் திருகு கூடுதலாக இருக்கிறது. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடும். இன்னொரு குழந்தைக்குத் தசையின் திருகு குறைவாக இருக்கிறது. அதற்கு உணர்வு போதாது. அதனால் குதிக்கும், சுவரில் மோதும், எல்லாரையும் இறுக்கிப் பிடிக்கும். இதைச் சேட்டை என்றும் திமிர் என்றும் நினைத்து அடிக்கிறோம். அடித்தால் திருகு சரியாவதில்லை, பயம்தான் சேருகிறது.

பயிற்சியாளர் முதலில் உங்களிடம் நிறைய கேள்வி கேட்பார். எதற்கு அழுகிறது, எதைத் தேடுகிறது, எப்படி மெல்லுகிறது, எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பார். பிறகுதான் அந்தக் குழந்தைக்கு ஏற்ற பயிற்சியைச் சொல்வார். ஆகவே பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குச் சொன்னது உங்கள் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

வாரத்தில் ஒரு நாள் மையத்துக்குப் போனால் முக்கால் மணி நேரம் பயிற்சி கிடைக்கும். மீதி நேரமெல்லாம் பிள்ளை உங்களோடுதான் இருக்கிறது. தனியாக நேரம் ஒதுக்கி வகுப்பு எடுக்கத் தேவையில்லை. தினமும் செய்யும் காரியத்தையே பயிற்சியாக்கிக்கொள்ள வேண்டும்.

குளியல்: திடீரென்று தலையில் ஊற்றாதீர்கள். "இப்ப குளிக்கப் போறோம்" என்று சொல்லி, சொம்பைக் கையில் கொடுங்கள். முதலில் காலில் ஊற்றி, பிறகு கை, பிறகு முதுகு என்று மேலே வாருங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, மூன்றாவதில் ஊற்றினால் குழந்தைக்கு எப்போது தண்ணீர் விழும் என்று தெரிந்துவிடும். பல குழந்தைகளுக்கு இலேசாகத் தடவுவது கூசும், அழுத்தமாகத் தொட்டால் இதமாக இருக்கும். எண்ணெய் தேய்ப்பதையும் துவட்டுவதையும் அழுத்தமாக, நிதானமாகச் செய்து பாருங்கள். பிடிக்கவில்லை என்று விலகினால் நிறுத்திவிடுங்கள்.

சாப்பாடு: மூக்கைப் பிடித்துத் திணிக்க வேண்டாம். பிடித்த சோற்றைத் தட்டில் வையுங்கள். பக்கத்தில் ஒரே ஒரு துண்டு புது உணவு இருக்கட்டும். முதல் வாரம் அது தட்டில் இருந்தாலே போதும். பிறகு தொடட்டும், முகரட்டும், நக்கட்டும். ஒரு புது உணவைப் பத்துப் பதினைந்து முறை பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைக்கும். மண், சாம்பல், சுண்ணாம்பு தின்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தசோகையும் பூச்சித் தொல்லையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலச்சிக்கல் இருந்தாலும் சொல்லுங்கள். வயிற்று வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை அதைக் கோபமாகத்தான் காட்டும்.

உடுத்துதல்: கால்சட்டை போடுவதைச் சின்னச் சின்ன படிகளாகப் பிரியுங்கள். எடுப்பது, ஒரு காலை விடுவது, மறுகாலை விடுவது, முட்டிவரை இழுப்பது, இடுப்புவரை இழுப்பது. முதல் நான்கு படியையும் நீங்கள் செய்துவிட்டு, கடைசிப் படியை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். வேலையை முடித்த சந்தோஷம் அதற்குக் கிடைக்கும். அது பழகியபின் கடைசி இரண்டு படி, பிறகு மூன்று படி. எலாஸ்டிக் வைத்த கால்சட்டை, பெரிய பட்டன் வைத்த சட்டை ஆரம்பத்துக்கு நல்லது. சில பிள்ளைகளுக்குச் சட்டையின் கழுத்துப் பட்டைச் சீட்டு குத்தும். அதை வெட்டி எடுத்துவிடுங்கள். பழைய பருத்தித் துணி நல்லது.

கழிப்பறை: சாப்பிட்டு முடித்ததும் தினமும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். சிலருக்கு அறையின் இருட்டு பயம், சிலருக்குத் தண்ணீர்ச் சத்தம் பயம். கதவைத் திறந்துவைத்து, முதலில் கூடவே நில்லுங்கள். நழுவாமல் கால் ஊன்ற இடம் இருக்கட்டும். நனைத்துக்கொண்டால் திட்டாமல் மாற்றிவிடுங்கள்.

தூக்கம்: இரவில் குளியல் அல்லது முகம் கழுவுதல், சாப்பாடு, விளக்கைக் குறைத்தல், ஒரு தாலாட்டு, படுக்கை. இந்த வரிசை தினமும் மாறக்கூடாது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போனை எடுத்துவிடுங்கள்.

திருவிழாவும் கல்யாணமும்: மேளம், வெடி, மைக் செட் இவை சில பிள்ளைகளுக்கு வலிபோலத் தெரியும். முன்கூட்டியே சொல்லுங்கள். கூட்டம் சேருமுன் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வாருங்கள். போன இடத்தில் ஒதுங்க ஓர் அமைதியான மூலையைப் பார்த்துவையுங்கள். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டால் தடுக்காதீர்கள்.

வீட்டு வேலையே பயிற்சி

விலையுயர்ந்த சாமான் எதுவும் வாங்க வேண்டாம். நம் வீட்டிலும் வயலிலும் இருப்பதே போதும்.

உடம்புக்குப் பலம் கொடுத்துச் செய்யும் வேலை பல பிள்ளைகளை அமைதிப்படுத்தும். சின்னக் குடத்தில் அரைவாசித் தண்ணீர் தூக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது, ஈரத் துணி பிழிவது, சுள்ளி பொறுக்கிக் கட்டுவது, காலிக் கூடையை இழுப்பது எல்லாம் நல்லவை. பள்ளிக்குப் போகுமுன் பத்து நிமிடம் இப்படி ஒரு வேலை கொடுத்தால், சில பிள்ளைகள் வகுப்பில் சற்று நேரம் உட்காரும்.

விரலுக்கு வேலை வேண்டுமா? வேர்க்கடலை உரிப்பது, கீரை ஆய்வது, துணிக்குக் கிளிப் மாட்டுவது, அவரையையும் கத்தரிக்காயையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பது. எழுதுவதற்கு முன் விரல் பலப்பட இவை உதவும். ஆனால் வாயிலும் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ள பிள்ளையிடம் கடலை, பயறு, மணி போன்ற சிறு பொருள்களைத் தனியாகக் கொடுக்கக் கூடாது.

தூளியும் ஊஞ்சலும் சில பிள்ளைகளுக்கு மிக நல்லது. மெதுவாக, ஒரே சீராக ஆட்டுங்கள். பயந்தால் நிறுத்துங்கள். ஊஞ்சல் பிடிக்காத பிள்ளையை அழ அழ உட்கார வைப்பது பயிற்சி ஆகாது.

உதவுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் பின்னால் நின்று பிள்ளையின் கைமேல் கைவைத்துச் செய்ய வையுங்கள். பிறகு முழங்கையை மட்டும் தொடுங்கள். பிறகு விரலால் காட்டுங்கள். கடைசியில் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். நீளமாகப் பேசாமல், "சொம்பு எடு", "கால் விடு" என்று இரண்டு சொல்லில் சொல்லுங்கள். சொன்ன பிறகு மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். நாம் அவசரப்பட்டுச் செய்துவிடுவதால்தான் பல பிள்ளைகளுக்குச் செய்து பழக வாய்ப்பே கிடைப்பதில்லை.

கிணறு, குளம், வாய்க்கால்: எச்சரிக்கை

ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டு வெளியே ஓடிவிடும். தண்ணீரைக் கண்டால் சிலருக்குக் கொள்ளை ஆசை, பயம் தெரியாது. இந்தப் பிள்ளைகள் தண்ணீரில் மூழ்கி இறக்கும் ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிட மிக அதிகம். வீட்டுக் கிணற்றுக்கும் தொட்டிக்கும் மூடி போடுங்கள். வாசல் கதவுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வையுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் "எங்க பிள்ளை தனியா வந்தா பிடிச்சு வையுங்க" என்று சொல்லிவையுங்கள். சட்டையின் உள்பக்கம் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள். பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் நீர்நிலையைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பயத்தினாலேயே, கூலிவேலைக்குப் போகும்போது பிள்ளையைத் தூணில் கட்டிவைத்துவிட்டுப் போகும் வீடுகள் உண்டு. அவர்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் கட்டிவைத்த பிள்ளைக்கு உடம்பிலும் மனதிலும் காயம் ஏற்படும். தீப்பிடித்தாலோ பாம்பு வந்தாலோ தப்பவும் முடியாது. அங்கன்வாடி, பகல்நேரப் பராமரிப்பு மையம், பாட்டி, சித்தி என்று முறைவைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். வழி தெரியவில்லை என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை

பல வீடுகளில் மையத்துக்கு அழைத்துப் போவது தாய், ஊட்டுவது தாய், இரவில் விழித்திருப்பதும் தாய். வீட்டுப் பெரியவர்களின் பேச்சைக் கேட்பதும் அவள்தான். இப்படி ஒருத்தியே சுமந்தால் ஒரு வருஷத்தில் ஓய்ந்துபோவாள். அவள் ஓய்ந்தால் பயிற்சியும் நின்றுபோகும்.

ஐயா, தினமும் ஒரே ஒரு காரியத்தை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். காலைக் குளியலோ, மாலையில் நடைக்கு அழைத்துப் போவதோ, இரவு படுக்க வைப்பதோ எதுவானாலும் சரி. அம்மாவிடம் மட்டும் செய்து பழகிய பிள்ளை மற்றவரிடம் செய்யாது. அப்பாவிடமும் செய்து பழகினால்தான் கற்றது நிலைக்கும். மாதம் ஒரு முறையாவது மையத்துக்குக் கூடப் போய்ப் பயிற்சியை நேரில் பாருங்கள். பெரியவர்கள் மருமகளைக் குறைசொன்னால், "அவமேல தப்பு இல்லம்மா, டாக்டரே சொல்லிட்டாரு" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மகன் வாயால் சொன்னால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

அடுத்த குழந்தை பற்றியும் இருவரும் கலந்து பேசுங்கள். ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால், அடுத்து பிறக்கும் பிள்ளைக்கும் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று என்று பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. அதாவது ஐந்தில் நான்கு பேருக்கு இருப்பதில்லை. பெற்றுக்கொள்வதும் வேண்டாமென்பதும் உங்கள் முடிவு. பெறுவதானால் இடைவெளி விடுங்கள். மூத்த பிள்ளையின் பயிற்சிக்கும் தாயின் உடம்புக்கும் அது நல்லது. இளையதின் வளர்ச்சியை ஒன்பதாம் மாதத்திலிருந்தே கவனித்து வாருங்கள்.

எதை நம்ப வேண்டாம்?

"ஆறு மாசத்துல முழுசா குணமாக்கிடுவோம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆட்டிசத்தை நீக்கும் மாத்திரையோ ஊசியோ இல்லை. வலிப்பு, தூக்கமின்மை, கட்டுக்கடங்காத பரபரப்பு இவற்றுக்கு மருத்துவர் மருந்து தரலாம். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டெம் செல் ஊசி என்று இலட்சக்கணக்கில் பணம் கேட்பவர்கள் உண்டு. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் தெரிவித்தது. நிலத்தை அடகுவைத்து அங்கே போகாதீர்கள்.

செயல்பயிற்சி என்று பலகை மாட்டியவரெல்லாம் படித்தவர் அல்லர். "என்ன படிச்சிருக்கீங்க, எங்க பிள்ளைக்கு என்ன இலக்கு வச்சிருக்கீங்க?" என்று தாராளமாகக் கேளுங்கள். "மூன்று மாதத்தில் தானாகக் கால்சட்டை போட வேண்டும்" என்பதுபோல் பார்த்து அளக்கக்கூடிய இலக்கு இருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு பெற்றோரை உள்ளே விடாத இடம், அழ அழப் பிடித்து வைக்கும் இடம் வேண்டாம்.

எங்கே போக வேண்டும்?

முதலில் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடி டீச்சரிடமோ சொல்லுங்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். அன்று பிள்ளையை மறைக்காமல் காட்டுங்கள். அங்கிருந்து மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை.

ஆட்டிசம் உள்ளோருக்காக 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன் கீழுள்ள நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு. பயிற்சிச் செலவும் அதில் சேரும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இச்சட்டப்படி, சான்றிதழில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறிக்கப்பட்ட பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. "இந்தப் பிள்ளையைச் சேர்க்க முடியாது" என்று பள்ளி சொல்ல இடமில்லை. வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழும் அடையாள அட்டையும் பெற்று, உதவித்தொகை, பயணச் சலுகை விவரங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனத்திலும் பரிசோதனையும் பயிற்சியும் உண்டு.

சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். ஊர் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்துத்தான் கூப்பிடுகிறது. சான்றிதழ் இருந்தால் அதோடு உரிமையும் வரும்.

கேள்வியும் பதிலும்

"எத்தனை நாளில் பலன் தெரியும்?"
ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேகம். ஒரு காரியம் பழகச் சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வாருங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் நோட்டில் தெரியும்.

"பிள்ளைக்கு எட்டு வயதாகிவிட்டது. இனிப் பயன் உண்டா?"
உண்டு. சீக்கிரம் தொடங்குவது நல்லது. தாமதமாகத் தொடங்குவதும் நல்லதே. தொடங்காமல் இருப்பதுதான் நஷ்டம்.

"கையை உதறிக்கொண்டே இருக்கிறான். நிறுத்த வேண்டுமா?"
யாருக்கும் காயம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அவன் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி அது. தலையை மோதிக்கொள்வது, கையைக் கடித்துக்கொள்வது இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலி, பல் வலியாகவும் இருக்கலாம்.

"பேச்சு வராவிட்டால்?"
படத்தைக் காட்டியோ சைகையாலோ கேட்கப் பழக்குங்கள். படம் காட்டுவதால் பேச்சு நின்றுவிடாது. வேண்டியதைக் கேட்க ஒரு வழி கிடைத்தால் அழுகையும் கோபமும் குறையும்.

தம்பதியரே, இந்த வாரம் ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுங்கள். கால்சட்டையை இடுப்புவரை இழுப்பதாக இருக்கலாம், சொம்பை எடுத்துத் தானே காலில் ஊற்றிக்கொள்வதாக இருக்கலாம். இருவரும் ஒரே மாதிரி, ஒரே சொல் சொல்லிப் பழக்குங்கள். அது வந்தபின் அடுத்தது. இதற்கிடையில், வருகிற தடுப்பூசி நாளன்று பிள்ளையோடு போய் நர்சம்மாவிடம், "எங்க பிள்ளையோட வளர்ச்சியைப் பார்க்கணும்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், மற்ற வழியை அவர் காட்டுவார்.

படித்து முடித்ததும் இதை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். அங்கேயும் ஒரு பிள்ளை இருக்கலாம்.